நாய் வரி முதல் பூனைச் சில்லு வரை: இங்கிலாந்தின் வளர்ப்பு விலங்கு அடையாளச் சட்டங்கள்

ஒரு நாயையோ பூனையையோ இன்னார் வளர்ப்பது என்று காட்டுவதற்காக அரசு விதிக்கும் விதிகள் வளர்ப்பு விலங்கு அடையாளச் சட்டங்கள் எனப்படும். வரி, உரிமம், கழுத்துப்பட்டை, பச்சை குத்துதல், மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு ஆகியவை வெவ்வேறு காலங்களில் இதற்குக் கருவிகளாக இருந்துள்ளன. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்கும், 2024 ஜூன் 10 முதல் பூனைகளுக்கும் நுண்சில்லு பொருத்துவது கட்டாயம்.

இந்தச் சட்டங்களின் வரலாறு 1796-ஆம் ஆண்டின் நாய் வரியிலிருந்து தொடங்குகிறது. இடைப்பட்ட 228 ஆண்டுகளில் சட்டம் கேட்ட கேள்வி மெல்ல மாறியது. தொடக்கத்தில் ‘இந்த நாய்க்கு வரி கட்டுபவர் யார்?’ என்று கேட்டது. அடுத்து ‘இந்த நாய் கடித்தால் பொறுப்பாளி யார்?’ என்று கேட்டது. ‘இது எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும்?’ என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. கேள்வி மாறியதற்கு ஏற்பக் கருவியும் மாறியது. ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. அடையாளம் விலங்கின் உடலில் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஈடான பதிவு எங்கோ ஓரிடத்தில் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பாடத்தை அந்நாடு கற்றுக்கொண்ட வகையே இக்கட்டுரையின் பொருள்.

திருடு போகாத சொத்து

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் நாய்க்கு விந்தையான இடம் இருந்தது. ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றைத் திருடுவது பெருங்குற்றம். நாயோ உணவுக்கோ உழைப்புக்கோ பயன்படாத இழிந்த பிராணி என்று கருதப்பட்டதால், அதைக் கொண்டுபோவது திருட்டுக் குற்றத்தின் இலக்கணத்துக்குள் வரவில்லை. நாயின் கழுத்தில் இருந்த பட்டையைத் திருடினால் அது திருட்டு. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நாயை மட்டும் கொண்டுபோனால் அது அத்தனை பெரிய குற்றமில்லை என்ற நிலை இருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட கும்பல்கள் லண்டனில் நாய் கடத்தலைத் தொழிலாகவே நடத்தின. வசதி படைத்தோரின் நாய்களைப் பிடித்து மறைத்து வைத்து, பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார்கள். கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் திருமணத்துக்கு முன் லண்டனில் வாழ்ந்தபோது அவருடைய ஃபிளஷ் என்ற ஸ்பேனியல் நாய் மூன்று முறை திருடப்பட்டது. அவர் பணம் கொடுத்துத்தான் அதை மீட்டார். இத்தகைய முறையீடுகள் பெருகவே, 1844-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று நாய்த் திருட்டை ஆராய்ந்தது. 1845-இல் நாய் திருடுவதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வந்தது.

ஆனாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. பிடிபட்ட நாய் தன்னுடையதுதான் என்று ஒருவர் எப்படி மெய்ப்பிப்பது? நிறத்தையும் மறுவையும் சொல்லலாம். பெயர் சொல்லி அழைத்துக் காட்டலாம். அதற்கு மேல் சான்று எதுவும் அந்தக் காலத்தில் இல்லை.

1796: நாய் வரி

நாயைக் கணக்கில் எடுக்கும் முதல் முயற்சி, நாயின் நலனுக்காக வந்ததன்று. 1790-களில் பிரிட்டன் பிரான்சோடு போரில் இருந்தது. கருவூலத்துக்குப் பணம் தேவைப்பட்டது. 1795-இல் தானியத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. மனிதருக்கே உணவு போதாத வேளையில் இத்தனை நாய்கள் எதற்கு என்ற குரல் எழுந்தது. நாய்கள் ஆடுகளைக் கொல்கின்றன, வெறிநோயைப் பரப்புகின்றன என்ற காரணங்களும் முன்வைக்கப்பட்டன. லங்காஸ்டர் தொகுதி உறுப்பினரான ஜான் டென்ட் நாய்களுக்கு வரி போட வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார். அதனால் அவருக்கு ‘நாய் டென்ட்’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. பிரதமர் இளைய வில்லியம் பிட் அந்தக் கருத்தைத் தம் அரசின் வரித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள, 1796-இல் நாய் வரி நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டனில் அப்போது குதிரை வண்டிக்கும் வேலைக்காரருக்கும் சன்னலுக்கும்கூட வரி இருந்தது. அந்த வரிசையில் நாயும் ஓர் ஆடம்பரப் பொருளாகச் சேர்ந்தது. அதிகாரி வீட்டுக்கு வருவார். எத்தனை நாய் என்று கேட்டு எழுதிக்கொள்வார். நாயின் மேல் எந்த அடையாளமும் இடப்படவில்லை. அரசுக்கு வேண்டியது எண்ணிக்கைதான். எந்த நாய் எவருடையது என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

உரிமம்: அஞ்சலகத்தில் வாங்கிய காகிதம்

1867-இல் பழைய வரிமுறைக்குப் பதிலாக ஆண்டு உரிமம் வந்தது. கட்டணம் 5 ஷில்லிங். 1878-இல் அது 7 ஷில்லிங் 6 பென்சாக உயர்ந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆடு மாடு மேய்க்க உதவும் நாய்களுக்கும், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கும் விலக்கு இருந்தது. மக்கள் அஞ்சலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி உரிமத்தை வாங்கி வந்தார்கள்.

இந்தக் கட்டணம் அதன் பிறகு ஏறவே இல்லை. இரண்டு உலகப் போர்கள் நடந்தன. விலைவாசி பல மடங்கு உயர்ந்தது. உரிமக் கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. 1971-இல் பிரிட்டன் பத்தின் மடங்கு நாணய முறைக்கு மாறியபோது 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது முப்பத்தேழரைப் பென்சாகக் கணக்கிடப்பட்டது. 1984-இல் அரைப் பென்ஸ் நாணயம் செல்லாதென்று ஆனபோது 37 பென்சாகக் குறைந்தது. உயர வேண்டிய கட்டணம் உள்ளபடியே இறங்கியது.

37 பென்சை வசூலிக்க ஆகும் செலவு அந்த வருவாயைவிட அதிகமாக இருந்தது. நாய் வளர்ப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் உரிமம் வாங்கினார்கள். வாங்கிய உரிமமோ வீட்டு மேசையில் கிடந்தது; நாய் தெருவில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அடையாளம் எதுவும் இல்லை. தெருவில் பிடிபட்ட நாயைப் பார்த்து அதற்கு உரிமம் உண்டா என்று சொல்ல முடியாது. உரிமத்தைப் பார்த்து அது எந்த நாய்க்கு உரியது என்றும் சொல்ல முடியாது. இறுதியில் 1980-களின் பிற்பகுதியில் அரசு நாய் உரிமத்தைக் கைவிட்டது.

வட அயர்லாந்து மட்டும் வேறு வழியில் சென்றது. 1983-ஆம் ஆண்டு ஆணையின்கீழ் அங்கே உரிம முறை தொடர்ந்தது. 2011-இல் கட்டணம் 12 பவுண்டு 50 பென்சாக உயர்த்தப்பட்டது. 2012 ஏப்ரலில் உரிமம் பெற நுண்சில்லு கட்டாயம் என்ற நிபந்தனை சேர்ந்தது. காகிதத்தையும் நாயையும் முதன்முதலில் சட்டப்படி இணைத்தது, பெரிய பிரிட்டனுக்கு முன்னோடியாக நின்ற இந்தச் சிறிய பகுதிதான்.

வெறிநோயும் கழுத்துப்பட்டையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேபிஸ் எனப்படும் வெறிநோய் இங்கிலாந்தை அச்சுறுத்தியது. 1867-இல் லண்டன் தெருக்களுக்கான சட்டம் ஒன்று, திரியும் நாய்களைப் பிடிக்கக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1860-இல், மேரி டீல்பி என்ற பெண்மணி வடக்கு லண்டனின் ஹாலோவே பகுதியில் தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்காக ஒரு தற்காலிக இல்லத்தைத் தொடங்கியிருந்தார். 1871-இல் அது பேட்டர்சீக்கு இடம் மாறியது. இன்றும் பேட்டர்சீ என்ற பெயரிலேயே அது இயங்குகிறது. 1883 முதல் பூனைகளையும் அங்கே ஏற்றுக்கொண்டார்கள்.

1897-இல் வேளாண் வாரியத்தின் தலைவராக இருந்த வால்டர் லாங், நோய் கண்ட வட்டாரங்களில் நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்று கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினார். நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைத் தனிமைப்படுத்தும் முறையும் சேர்ந்து பலன் தந்தது. 1902-இல் நாடு வெறிநோயிலிருந்து விடுபட்டது. 1918-இல் நோய் மீண்டும் தலைகாட்டி, 1922-இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது.

இந்தச் சூழலில்தான் 1906-ஆம் ஆண்டு நாய்கள் சட்டம் பிறந்தது. பொது இடத்தில் நாய்கள் உரியவரின் பெயரும் முகவரியும் பொறித்த கழுத்துப்பட்டை அணிய வேண்டும் என்று ஆணையிட அது வழிசெய்தது. திரியும் நாயைப் பிடிக்கும் காவலர், அதன் பட்டையில் முகவரி இருந்தால் அந்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் யாரும் வந்து மீட்காவிட்டால் நாய் விற்கப்படும் அல்லது கொல்லப்படும். முகவரி உள்ள நாய்க்கு வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். முகவரி இல்லாத நாய்க்கு ஏழு நாள் கெடு மட்டும்தான். அடையாளம் என்பது விலங்கின் உயிரையே காக்கும் என்பது சட்டத்தின் எழுத்திலேயே தெரிந்த இடம் இது.

இப்போது நடப்பில் உள்ள கழுத்துப்பட்டை விதி 1992-ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிறது. பொது இடத்தில் இருக்கும் நாயின் பட்டையிலோ அதில் தொங்கும் தகட்டிலோ உரியவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மந்தை மேய்க்கும் நாய், வேட்டை நாய், காவல்துறை நாய், மீட்புப்பணி நாய், பதிவு பெற்ற வழிகாட்டி நாய் முதலியவற்றுக்கு அந்தந்தப் பணியின்போது விலக்கு உண்டு. நுண்சில்லு வந்த பிறகும் இந்த ஆணை நீக்கப்படவில்லை. சில்லு இருக்கிறதே, பட்டை எதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேண்டும். காரணம் எளிது. பட்டையை வழிப்போக்கர் யாரும் கண்ணால் படிக்கலாம். சில்லைப் படிக்கக் கருவி வேண்டும்.

பச்சையிலிருந்து சில்லுக்கு

பட்டை அறுந்து விழும்; திருடர்கள் கழற்றி எறிவார்கள். இதனால் அழியாத அடையாளம் தேடப்பட்டது. காதின் உட்புறத்தில் எண்ணைப் பச்சை குத்தும் முறை பல நாடுகளில் வழங்கியது. பச்சை நாளடைவில் மங்கும் என்பதும், எந்தப் பதிவேட்டின் எண் அது என்று கண்டுபிடிப்பது கடினம் என்பதும் அதன் குறைகள்.

1980-களின் இறுதியில் நுண்சில்லு பரவத் தொடங்கியது. அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கும். அதைத் தடித்த ஊசியால் தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். அதில் மின்கலம் கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுவந்தால், அது வெளியிடும் வானொலி அலையிலிருந்தே சில்லு ஆற்றல் பெற்று தன் எண்ணைத் திருப்பி அனுப்பும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நுண்சில்லு இருப்பிடம் காட்டும் கருவியன்று. தொலைந்த நாய் எங்கே நிற்கிறது என்று அதைக் கொண்டு கைப்பேசியில் பார்க்க முடியாது. அதில் உரிமையாளரின் பெயரோ முகவரியோ இல்லை. 15 இலக்க எண் ஒன்றே இருக்கிறது. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். மற்ற பன்னிரண்டும் அந்த விலங்குக்கே உரியவை. 1996-இல் வெளியான ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற பன்னாட்டுத் தரநிலைகள் இந்த எண் அமைப்பையும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையையும் வரையறுத்தன. அதற்குமுன் ஒரு நிறுவனத்தின் சில்லை மற்றொரு நிறுவனத்தின் கருவி படிக்காத நிலை இருந்தது.

நுண்சில்லு பிரிட்டிஷ் சட்டத்துக்குள் ஓசையில்லாமல் நுழைந்த வாயில் வெளிநாட்டுப் பயணம். வெறிநோய் மீண்டும் வந்துவிடக் கூடாது என்பதற்காக வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களும் பூனைகளும் ஆறு மாதம் தனிமையில் அடைக்கப்பட்டு வந்தன. 2000 பிப்ரவரி 28-இல் தொடங்கிய செல்லப்பிராணிப் பயணத் திட்டம், நுண்சில்லும் தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் உள்ள விலங்குகளுக்கு அந்தத் தனிமைச் சிறையிலிருந்து விடுதலை தந்தது. தடுப்பூசி போடப்பட்டது இந்த விலங்குக்குத்தான் என்று உறுதி செய்யச் சில்லு தேவைப்பட்டது. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதே முறை வந்தது. பச்சைக் குறியையும் ஏற்றுக்கொண்ட இடைக்காலம் 2011 ஜூலையில் முடிந்தது.

2016: நாய்களுக்குக் கட்டாயம்

உள்நாட்டில் இருக்கும் எல்லா நாய்களுக்கும் நுண்சில்லைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் இங்கிலாந்தில் 2015-இல் இயற்றப்பட்டு, 2016 ஏப்ரல் 6-இல் நடைமுறைக்கு வந்தன. அதே நாளில் வேல்சிலும் ஸ்காட்லாந்திலும் அவற்றுக்கு உரிய விதிகள் நடைமுறை கண்டன. இங்கிலாந்து விதிகளின் சாரம் இது:

எட்டு வாரம் கடந்த ஒவ்வொரு நாய்க்கும் நுண்சில்லு இருக்க வேண்டும். உடல்நிலை காரணமாகப் பொருத்தக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால் விலக்கு உண்டு.

சில்லு பொருத்தப்படாத நாயைப் புதியவருக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது. இதனால் குட்டி ஈன்ற இடத்திலேயே பதிவு தொடங்குகிறது. பதிவில் முதல் பெயர் இனப்பெருக்கம் செய்தவருடையதாக இருக்கும்.

வளர்ப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நாயின் பெயர், இனம், நிறம், பால், பிறந்த தேதி அல்லது அதன் மதிப்பீடு, சில்லின் எண் ஆகியவை விதிகளுக்கு உட்பட்ட ஒரு தரவுத்தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நாய் கைமாறினால் புதியவரின் விவரம் பதிவேற வேண்டும்.

இவற்றில் தவறுபவர் மீது உடனே அபராதம் பாய்வதில்லை. 21 நாட்களுக்குள் சரிசெய்யும்படி முதலில் அறிவிப்பு தரப்படும். அதையும் மதிக்காவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

சில்லு பொருத்துபவர் கால்நடை மருத்துவராகவோ, கால்நடைச் செவிலியராகவோ, உரிய பயிற்சி பெற்றவராகவோ இருக்க வேண்டும். சில்லு உடலுக்குள் இடம் நகர்ந்தாலோ வேலை செய்யாவிட்டாலோ அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த விதிகளில் கவனிக்க வேண்டிய சொல் ‘வளர்ப்பவர்’ என்பது. சட்டம் ‘உரிமையாளர்’ என்று எழுதவில்லை. நாய் வழக்கமாக யாரோடு வாழ்கிறதோ அவரே வளர்ப்பவர். எனவே பதிவேட்டில் ஒருவர் பெயர் இருப்பதே அவர்தான் உரிமையாளர் என்பதற்கு முடிவான சான்றாகாது. மணமுறிவின்போதும் பாகப் பிரிவினையின்போதும் இந்த வேறுபாடு பலரைத் திகைக்க வைக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றைப் போல இதை ஒரு பட்டா என்று எண்ணுவோருக்கு அது ஏமாற்றம் தரும்.

நுண்சில்லு கடுமையான சட்டங்களிலும் இடம்பெற்றது. எக்ஸ்எல் புல்லி வகை நாயை 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றில்லாமல் வைத்திருப்பது குற்றம். அந்தச் சான்றுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் நுண்சில்லும் ஒன்று. தொலைந்த நாயை வீட்டுக்கு அனுப்பும் அதே எண், ஆபத்தான நாய்க்குப் பொறுப்பாளியைச் சுட்டவும் பயன்படுகிறது.

பூனை ஏன் காத்திருந்தது?

மேலே சொன்ன வரி, உரிமம், வாய்ப்பூட்டு, கழுத்துப்பட்டை எதுவும் பூனைக்கு இல்லை. இது பூனைக்குக் கிடைத்த சலுகை போலத் தோன்றும். உண்மையில் அது பூனையைச் சட்டம் கண்டுகொள்ளாததன் விளைவு. நாய் வேட்டைக்குப் போகும், ஆட்டைக் கொல்லும், மனிதரைக் கடிக்கும். ஆகவே அதற்குப் பொறுப்பாளி தேவைப்பட்டார். பூனை தன் விருப்பத்துக்கு வேலி தாண்டும். அதன் செயலுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதே பொதுவான எண்ணம்.

பொறுப்பு இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இல்லாமல் போனது. இதற்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டமே சான்று. வாகனம் மோதினால் நிறுத்தி விவரம் தர வேண்டிய விலங்குகளின் பட்டியல் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி, நாய் ஆகியவை அதில் உண்டு, பூனை இல்லை. அந்தப் பட்டியல் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வழிவழியாக வந்தது. உழைப்புக்கும் வருவாய்க்கும் உதவும் விலங்குகளின் பட்டியல் அது. வீட்டு மடியில் உறங்கும் விலங்குக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

மற்ற நாடுகள் இதற்குள் முன்னே சென்றிருந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நாயையும் பூனையையும் ஒன்றாக வைத்து எழுதியது. பிரான்சில் 2012 முதல் பூனைகளுக்கும் அடையாளம் கட்டாயமானது. இங்கிலாந்தில் விலங்கு நல அமைப்புகளும், பூனையை இழந்த குடும்பங்களும் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்தன.

2023-இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள் நாய், பூனை இரண்டுக்குமான விதிகளை ஒரே தொகுப்பாக்கின. 2024 ஜூன் 10 முதல், வளர்ப்புப் பூனை 20 வாரம் நிறைவதற்குள் அதற்கு நுண்சில்லு இருக்க வேண்டும். 21 நாள் அவகாசமும் 500 பவுண்டு அபராத வரம்பும் நாய்க்கு உள்ளதைப் போன்றே. மனிதரோடு ஒட்டாமல் பண்ணைகளிலும் தெருக்களிலும் தன்போக்கில் வாழும் பூனைகளுக்கு இது பொருந்தாது. சட்டம் அறிவிக்கப்பட்டபோது இங்கிலாந்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ப்புப் பூனைகள் இருப்பதாகவும், அவற்றில் 23 லட்சம் வரை சில்லு இல்லாதவை என்றும் அரசு மதிப்பிட்டது. இந்தப் பூனைச் சட்டம் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது.

அதே 2024-இல் செல்லப்பிராணிக் கடத்தல் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. நாயையோ பூனையையோ கடத்திச் செல்வது ஐந்து ஆண்டு வரை சிறை பெறத்தக்க தனிக் குற்றமானது. கழுத்துப்பட்டைத் திருட்டு நாய்த் திருட்டைவிடப் பெரிதாக எண்ணப்பட்ட காலத்திலிருந்து சட்டம் எத்தனை தொலைவு நடந்து வந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

எண் இருக்கிறது, முகவரி இல்லை

கட்டாயச் சட்டம் வந்தும் எல்லா நாயும் பூனையும் வீடு திரும்பிவிடவில்லை. அதற்கான காரணங்கள் சில்லில் இல்லை, பதிவில் இருக்கின்றன.

முதற்காரணம், பழைய முகவரி. குடும்பம் வீடு மாறும்; கைப்பேசி எண் மாறும்; நாய் கைமாறும். பள்ளி வருகைப் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய முகவரியை வைத்துக்கொண்டு மாணவர் வீட்டைத் தேடினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இதுவும். சில்லு தன் எண்ணைச் சரியாகவே சொல்கிறது. அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை.

இரண்டாவது, பல தரவுத்தளங்கள். இங்கிலாந்தில் அரசே நடத்தும் ஒரே பதிவேடு கிடையாது. தனியார் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் தளங்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. எந்த எண் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காப்பகத்தார் முதலில் தேட வேண்டும். ஒரே இடத்தில் தேடும் வசதி வேண்டும் என்ற முன்மொழிவை அரசு 2022-இல் மக்கள் கருத்துக்கு வைத்தது.

மூன்றாவது, படிக்கும் கடமை. சில்லைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் வளர்ப்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று பிறரை அந்த அளவுக்குக் கட்டாயப்படுத்தவில்லை. சாலையில் அடிபட்டு இறந்த பூனையை அள்ளிச் செல்லும் உள்ளாட்சிப் பணியாளர், அதன் சில்லைப் படித்து உரிய வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமையை 2024-ஆம் ஆண்டு விதிகளும் உருவாக்கவில்லை. பல உள்ளாட்சிகள் தாமாகவே அதைச் செய்கின்றன. செய்யாத இடத்தில், சட்டப்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்த குடும்பம் பல மாதங்கள் பூனைக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். சட்டத்தின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் நிலத்தில்

நாயைப் பதிவு செய்யும் எண்ணம் ஆங்கிலேயர் ஆட்சியோடு கடல் தாண்டியும் சென்றது. இலங்கையில் நாய்ப் பதிவுச் சட்டம் 1901-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெறிநோய் அச்சம்தான் அங்கும் பதிவை வற்புறுத்திய காரணங்களுள் முதன்மையானது.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு இப்போதுதான் சில்லுக் கட்டத்தை எட்டியிருக்கிறது. 2025-இல் பெருநகர சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு நுண்சில்லையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. இங்கிலாந்து உரிமத்தைக் கைவிட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சில்லுக்கு வந்தது. சென்னை இரண்டையும் ஒரே வேளையில் இணைத்திருக்கிறது. வட அயர்லாந்து 2012-இல் எடுத்த வழிக்கு இது நெருக்கமானது. வெறிநோய் இன்னும் உயிர்களைப் பறிக்கும் நாட்டில், எந்த நாய்க்கு எப்போது தடுப்பூசி போடப்பட்டது என்று ஐயமின்றி அறிவது வசதிக்காக மட்டுமன்று. அது மக்கள் நலத் தேவை.

நிறைவாக

1796-இல் வரி அதிகாரி எழுதிய ஏட்டில் நாய்களின் எண்ணிக்கை மட்டும் இருந்தது. 1906-இல் கழுத்துப்பட்டையில் முகவரி ஏறியது. 2016-இலும் 2024-இலும் தோலுக்கடியில் எண் ஏறியது. அடையாளம் வெளியிலிருந்து உடலுக்குள் சென்றுவிட்டது. அதை அறுக்கவோ கழற்றவோ எளிதில் முடியாது. ஆனால் அந்த எண்ணுக்கு உரிய முகவரி இன்னும் வெளியில், ஒரு பதிவேட்டில்தான் இருக்கிறது. அதைத் திருத்துவது மனிதரின் வேலை. 37 பென்ஸ் உரிமம் தோற்றதற்குக் காரணம் காகிதமும் நாயும் தனித்தனியே கிடந்ததுதான். நுண்சில்லும் அதே வழியில் தோற்காமல் இருக்க வேண்டுமானால், வீடு மாறும் நாளில் எரிவாயு இணைப்பையும் குடும்ப அட்டையையும் மாற்றுவதைப் போல, வளர்ப்பு விலங்கின் பதிவையும் மாற்ற நாம் மறக்கக் கூடாது.